தகரம் சொல்லும் சரித்திரம்



சரித்திரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது அரசர்களும் போர்களும் ஒப்பந்தங்களுமே. பள்ளிப் பாடப்புத்தகமும் பெரும்பாலும் அவற்றைத்தான் சொல்கிறது. ஆனால், மனிதன் தன் கையால் செய்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு துண்டுத் தகரம்கூட ஆண்டைச் சொல்லும். அதைச் செய்த நாட்டின் நிலைமையைச் சொல்லும். அப்படிப்பட்ட ஒரு பொருளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அது மோரிஸ் மைனர் கார்.

உங்களில் வயதானவர்களுக்கு அந்தக் காரை நான் வருணிக்க வேண்டியதில்லை. ஆமை முதுகு போல் வளைந்த கூரை, உருண்டையான விளக்குகள், புடைத்த மட்கார்டுகள். 1950, 1960ஆம் ஆண்டுகளில் பெரிய கிராணியோ டிரஸ்ஸரோ அதை ஓட்டிக்கொண்டு தோட்டத்துச் செம்மண் சாலையில் வந்தால், லயத்துப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். அந்தக் கார்கள் சில இன்னும் நம் நாட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓடவைப்பவர்கள் யார்? எப்படி ஓடவைக்கிறார்கள்? பழைய காரின் உடலைச் சீர்செய்வதற்கும் சரித்திரத்திற்கும் என்ன தொடர்பு? இவற்றைப் பார்ப்போம்.

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்துத் தோட்டப் பள்ளிக்கு வந்த சில ஆண்டுகளில், ஒரு பழைய மோரிஸ் மைனரை வாங்கினேன். பச்சைச் சாயம் பளபளவென்று மின்னியது. கதவைச் சாத்தினால் 'டப்' என்று நல்ல சத்தம். மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோவில் திருவிழாவுக்கெல்லாம் போய் வந்தேன். ஒரு நாள் டயர் பஞ்சராகியது. பக்கவாட்டில் ஜேக்கை மாட்டிச் சுற்றினேன். ஜேக் மேலே ஏறியது, கார் ஏறவில்லை! கதவுக்குக் கீழே இருந்த தகரத்தைக் கிழித்துக்கொண்டு ஜேக் உள்ளே போய்விட்டது. கிழிந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே கம்பி வலை. அதற்குள் சுருட்டித் திணித்த பழைய செய்தித்தாள். அதன் மேல் கனமாகப் பூசிய புட்டி. அதற்கும் மேலேதான் அந்தப் பளபளக்கும் பச்சைச் சாயம்!

பட்டணத்தில் தகரம் தட்டும் தொழில் செய்துவந்த பெரியவர் ஒருவரிடம் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அவர் கீழே படுத்து, திருப்புளியின் பிடியால் அங்கங்கே தட்டிப் பார்த்தார். "வாத்தியாரே, நல்ல தகரம் தட்டினால் கணீரென்று கேட்கும். இது மரப்பலகை மாதிரி கேட்கிறது. இதை நம்பியா பிள்ளைகளை ஏற்றினீர்கள்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றுதான் இந்தக் காரின் சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

இங்கிலாந்தில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே இந்தக் காருக்கான வேலை தொடங்கிவிட்டது. அதை உருவாக்கியவர் அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1906ஆம் ஆண்டு ஸ்மைர்னா துறைமுகத்தில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்தவர். பின்னாளில், 1959இல் வெளிவந்த மினி காரையும் இவரே வடிவமைத்தார். மைனருக்கு அவர்கள் முதலில் வைத்திருந்த இரகசியப் பெயர் 'கொசு'. மோரிஸ் கம்பெனியின் அதிபர் நஃபீல்டு பிரபுவுக்கு அதன் உருவமே பிடிக்கவில்லையாம். உடைத்து ஊற்றி வெந்நீரில் வேகவைத்த முட்டை போல் இருக்கிறது என்று பரிகாசம் செய்தார் என்பார்கள்.

கார் வெளிவரும் நேரத்தில் இஸிகோனிசுக்கு ஒரு குறை தோன்றியது. கார் ஒடுக்கமாக இருக்கிறது, உயரத்திற்கு ஏற்ற அகலம் இல்லை என்று நினைத்தார். உடனே மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். இடைவெளி 4 அங்குலம் ஆனபோது, "இதுதான் சரி" என்றார். அந்த 4 அங்குலத்தை இன்றும் கண்ணால் பார்க்கலாம். இயந்திரத்தை மூடும் பானெட்டின் நடுவில் முன்னும் பின்னுமாக ஓடும் தட்டையான பட்டைதான் அது. முன்புற பம்பர்களைக் கம்பெனி அதற்குள் செய்து வைத்துவிட்டது. அவற்றை வீணாக்க மனமில்லாமல் நடுவில் வெட்டி, 4 அங்குலத் துண்டு ஒன்றை வைத்து இணைத்தார்கள். ஆகவே, ஆரம்ப காலத்து மைனர் ஒன்றின் பம்பர் நடுவில் ஒட்டுப்போட்டதுபோல் இருந்தால், அதை யாரோ பழுதுபார்த்த அடையாளம் என்று நினைத்துவிடக் கூடாது. அது அந்தக் காரின் பிறவி மச்சம்! விவரம் அறியாதவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு முழு பம்பரை மாட்டுவார். சரித்திரம் தெரிந்தவர் அந்த ஒட்டைத் தேடிப் பிடித்து மாட்டுவார்.

1948ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர் உலகத்துக்கு அறிமுகமானது. அது நம் நாட்டில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்ட அதே ஆண்டு. போரினால் பிரிட்டனின் கஜானா வற்றிப் போயிருந்தது. எஃகுக்குத் தட்டுப்பாடு. எந்தக் கார்க் கம்பெனி வெளிநாட்டுக்கு அதிகம் விற்கிறதோ, அதற்கே எஃகு என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதே காலத்தில் பிரிட்டனுக்கு அமெரிக்க டாலரை ஈட்டித் தந்த முக்கியமான பொருள்களில் ஒன்று மலாயா ரப்பர். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியற்காலையில் மரம் வெட்டிச் சேர்த்த பால் கப்பலேறிப் போயிற்று. கார்கள் கப்பலேறி வந்தன. அந்த டயர்களில் எந்தத் தோட்டத்துப் பால் இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கார் அமோகமாக விற்றது. 1960ஆம் ஆண்டு டிசம்பரில் பத்து லட்சமாவது மைனர் தயாரானது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் அதுவே. அதன் நினைவாக இளம் ஊதா நிறத்தில் சுமார் 350 கார்களைச் செய்தார்கள். 1971இல் தயாரிப்பு முடிவுக்கு வந்தபோது, மொத்தம் ஏறக்குறைய 16 லட்சம் மைனர்கள் வெளிவந்திருந்தன.

இந்த 23 ஆண்டுகளில் கார் ஒரே மாதிரியாக இருக்கவில்லை. பாகம் தேடுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஆரம்பத்தில் முன்விளக்குகள் கீழே, மூக்குக்குப் பக்கத்தில் இருந்தன. அமெரிக்காவின் சட்டத்திற்காக 1949இல் அங்கே அனுப்பிய கார்களில் விளக்குகளை உயர்த்தி மட்கார்டின் மேல் வைத்தார்கள். பிறகு எல்லாக் கார்களுக்கும் அதுவே வழக்கமாயிற்று. 1952இல் ஆஸ்டின் கம்பெனியும் மோரிஸ் கம்பெனியும் இணைந்தன. ஆஸ்டினின் 803 சிசி இயந்திரம் மைனருக்குள் புகுந்தது. 1954இல் முன்புறச் சல்லடையின் உருவம் மாறியது. 1956க்கு முன்னால் முன்கண்ணாடி, நடுவில் கம்பி வைத்த இரண்டு தட்டைத் துண்டுகளாக இருந்தது. அந்த ஆண்டு மைனர் 1000 வந்தபோது ஒரே வளைந்த கண்ணாடியாயிற்று. 1961 வரை, திரும்புவதைக் காட்டப் பக்கவாட்டுத் தூணிலிருந்து ஒரு சிறு கை நீட்டும். பிறகு மின்னி மின்னி எரியும் விளக்கு வந்தது. ஆகவே, 'மோரிஸ் மைனர் மட்கார்டு வேண்டும்' என்று கடையில் கேட்டால் போதாது. எந்த ஆண்டுக் காருக்கு என்று சொல்ல வேண்டும்.

ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? காரில் எண் தகடு ஒன்று இருக்கும். அதில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கொண்டு, இங்கிலாந்தில் கெய்டன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்திற்கு எழுதலாம். கட்டணம் செலுத்தினால், தொழிற்சாலையின் பழைய பதிவேட்டைப் பார்த்து, அந்தக் கார் என்று தயாரானது, முதலில் என்ன நிறம், எங்கே அனுப்பப்பட்டது என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். நேயர்களே, பிறப்புப் பத்திரம் இல்லாமல் நம் மக்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். காகிதத்தின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காருக்கும் அப்படித்தான். பழைய காரை வாங்குபவர் எண் தகட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இளம் ஊதாச் சாயத்தைப் பூசிவிட்டு, இதுதான் அந்த 350இல் ஒன்று என்று யாராவது விற்க வந்தால், அந்தத் தகடும் பதிவேடும் உண்மையைச் சொல்லிவிடும்.

இனி, சீர்செய்யும் வேலைக்கு வருவோம். பழைய காலத்துக் கார்கள் பலவற்றில் அடியில் இரும்புச் சட்டம் தனியாகவும், மேலே உடல் தனியாகவும் இருக்கும். மைனர் அப்படியல்ல. அதன் தகர உடலே அதன் எலும்பு. இயந்திரத்தைத் தாங்குவதும், சக்கரங்களைப் பிடித்திருப்பதும், நம்மைச் சுமப்பதும் அந்தத் தகரப் பெட்டிகளே. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியைப் பட்டறையில் 'சில்' என்பார்கள். அது அழகுக்காக வைத்ததன்று. காரின் முதுகெலும்பில் ஒரு பாதி. அதைப் புட்டியால் செய்தால், முதுகெலும்பை மாவால் செய்தது போல்தான்.

இங்கிலாந்தில் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அந்தக் கார்களை அரித்தது. நம் ஊரில் உப்பு இல்லை. மழையும் மண்ணும் உண்டு. முன் மட்கார்டின் பின்மூலையில், கதவுக்கு முன்னால், செம்மண் போய் அடைத்துக்கொள்ளும். மழை ஈரம் அங்கே காயவே காயாது. தகரம் உள்ளேயிருந்து வெளியே அரிக்கும். மேலே சாயம் கொப்புளம் விடும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்தாலும் ஆபத்துதான். தண்ணீர் கசிந்து, காலடி விரிப்புக்குக் கீழே தங்கி, தரைத் தகரத்தைத் தின்றுவிடும். நாம் வெட்டும் பாலில் செய்த ஒரு சிறு ரப்பர் வார்தான் ஒரு காரின் இரும்பைக் காப்பாற்றுகிறது.

அந்தப் பெரியவர் வேலை செய்த முறையை அருகிலிருந்து பார்த்தேன். சில வேலைகளில் கூடமாட உதவியும் செய்தேன். அவர் முதலில் எதையும் வெட்டவில்லை. எல்லாப் பக்கங்களையும் படம் எடுக்கச் சொன்னார். கழற்றிய திருகாணிகளை மைலோ டின்களில் போட்டு, எந்த இடத்துத் திருகாணி என்று எழுதி ஒட்டச் சொன்னார். பேட்டரியைக் கழற்றினார். பின்பெட்டியின் அடியிலுள்ள பெட்ரோல் தொட்டியை அப்புறப்படுத்தினார். நெருப்புப் பொறி பறக்கும் வேலைக்கு முன்னால் இது கட்டாயம்.

அடுத்து, காரைச் சமமான தரையில் வைத்து, கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பிகளைத் தற்காலிகமாகப் பற்றவைத்தார். ஏன் தெரியுமா? சில்லை வெட்டியதும் கார் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதுத் தகரத்தைப் பற்றவைத்தால், ஆயுளுக்கும் கதவு சரியாகச் சாத்தாது. அதனால்தான் இரண்டு பக்கத்தையும் அவர் ஒரே நேரத்தில் வெட்டவில்லை. ஒரு பக்கத்தை முடித்து, கதவை மாட்டி, இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மறு பக்கத்தைத் தொட்டார்.

வெட்டும்போது ஒரு கணக்கு இருக்கிறது. துருப்பிடித்த தகரத்தின் மேல் புதுத் தகரம் நிற்காது. நல்ல தகரம் தென்படும்வரை வெட்ட வேண்டும். அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட வெட்டக் கூடாது. இது உங்களுக்கு எளிதில் புரியும். மரம் வெட்டுகிறவருக்குப் பட்டையில் எவ்வளவு ஆழம் கத்தி போகலாம் என்பது கையிலேயே தெரியும். ஆழம் குறைந்தால் பால் குறையும். மிஞ்சினால் மரத்தில் காயம் படும். தகரம் தட்டுபவரின் கையும் அப்படிப்பட்ட கைதான்.

பற்றவைக்கும்போது ஒரே கோடாக இழுத்துப் பற்றவைத்தால் சூட்டில் தகரம் நெளிந்துவிடும். ஆகவே இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, சூடு ஆறிய பின் இடைவெளியை நிரப்பினார். மட்கார்டுகளைப் பொறுத்தவரை மைனர் வசதியான கார். நான்கும் போல்ட் போட்டு மாட்டியவை, கழற்றி மாற்றிவிடலாம். நெளிந்த இடங்களில், பின்னால் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் மெல்ல மெல்லத் தட்டி நிமிர்த்தினார்.

அப்படியானால் புட்டியே தவறா? தவறில்லை. அக்காலத் தொழிற்சாலைகள் பலவற்றில் இணைப்புகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையை உருக்கிப் பூசி மழமழப்பாக்கினார்கள். ஈயத்தூள் உடலுக்கு நஞ்சு. 1950ஆம் ஆண்டுகளில் பிளாஸ்டிக் புட்டி வந்தது, வேலை சுலபமாயிற்று. நல்ல தகரத்தின் மேல் சிறு பள்ளத்தை நிரவ மெல்லிய பூச்சாகப் பூசினால் அது தொழில். ஓட்டையை அடைக்கச் செய்தித்தாளைத் திணித்து அதன் மேல் பூசினால் அது மோசடி. பொருள் ஒன்றுதான், பயன்படுத்தும் மனசாட்சிதான் வேறு.

சரி, உரிய பாகங்கள் எங்கே கிடைக்கும்? மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உடைந்து கிடக்கும் இன்னொரு மைனரிலிருந்து எடுப்பது. கதவுப்பிடி, விளக்கு வளையம், சல்லடை போன்றவற்றுக்கு இதுவே நல்ல வழி. ஆனால், தகரப் பாகங்களை இப்படி வாங்குவது பெரும்பாலும் ஒரு துருவைக் கொடுத்து இன்னொரு துருவை வாங்குவதாகவே முடியும். இரண்டாவது, காருக்கு உரியவர்களின் சங்கங்கள். பிரிட்டனில் 1976ஆம் ஆண்டிலேயே மோரிஸ் மைனர் உரிமையாளர் சங்கம் தொடங்கப்பட்டது. எந்தப் பாகம் எந்த ஆண்டுக்குப் பொருந்தும் என்னும் அறிவை இத்தகைய சங்கங்களே சேர்த்து வைத்திருக்கின்றன. மூன்றாவது, புதிதாகச் செய்த பாகங்கள்.

இந்த மூன்றாவது வழியில்தான் நமக்கு வியப்பான செய்தி இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்லஸ் வேர் என்பவர் மோரிஸ் மைனர்களைச் சீர்செய்யும் நிலையம் ஒன்றை நடத்தினார். நல்ல காரைப் பேணினால் அது காலம் முழுதும் உழைக்கும், புதிது புதிதாக வாங்கித் தள்ளத் தேவையில்லை என்பது அவர் கொள்கை. 1990ஆம் ஆண்டுகளில் அவருடைய முயற்சியோடு இலங்கையில் ஒரு பட்டறை எழுந்தது. அங்கே மைனர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கையால் பழுதுபார்க்கும் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்கள் மைனரின் தகரப் பாகங்களைப் புதிதாகச் செய்தார்கள். அவை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின! ஒரு காலத்தில் இங்கிலாந்து செய்து நமக்கு விற்ற காரை, இங்கிலாந்திலேயே உயிரோடு வைத்திருக்க ஆசியத் தொழிலாளியின் கை தேவைப்பட்டது. பாடப்புத்தகத்தில் இல்லாத சரித்திரம் என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

ஒரு கேள்வி எழலாம். இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், அது பழைய கார்தானா? இந்தக் கேள்வியை அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள். பழங்கால வாகனங்களுக்கென ஃபீவா என்னும் சர்வதேசக் கூட்டமைப்பு 1966 முதல் இருக்கிறது. அது 2013இல் டுரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதன் சாரம் இதுதான்: இருப்பதை இயன்றவரை காப்பாற்று, முடியாததை மட்டும் மாற்று, மாற்றியதை மறைக்காதே, எழுதி வை. நம் கோவில் திருப்பணியை நினைத்துப் பாருங்கள். விரிசல் கண்ட கல்லை மாற்றுகிறோம், மூலவரை வைத்திருக்கிறோம், எந்த ஆண்டு குடமுழுக்கு என்று கல்வெட்டில் பொறிக்கிறோம். கோவில் அதே கோவிலாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெரியவர் இந்தச் சாசனத்தைப் படித்தவரல்லர். ஆனால், புதிய சில்லை மூடுவதற்கு முன்னால், அதன் உட்புறத்தில் உளியால் ஆண்டை வெட்டி வைத்தார். "ஏன் அண்ணே, இதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்டேன். "அடுத்து இதைத் திறக்கிறவன் பார்ப்பான் வாத்தியாரே. நான் எதையும் மறைக்கவில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

வேலை முடிய எட்டு மாதங்கள் ஆயின. முதல்முறை ஜேக்கைப் போட்டபோது என் கை சற்று நடுங்கியது. கார் அசையாமல் மேலே ஏறியது. அதன் பிறகுதான் பிள்ளைகளை மறுபடியும் அதில் ஏற்றினேன்.

தோட்டப்புறத்துப் பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளில் ஒருவன் ஏட்டுப் படிப்பைவிட இரும்பையும் சுத்தியையும் விரும்பினால் அவனைத் தாழ்வாக எண்ணாதீர்கள். நல்ல தொழிலைக் கற்கட்டும். அதோடு தான் தொடும் பொருளின் சரித்திரத்தையும் கற்கட்டும். இளைஞர்களே, நீங்கள் எந்தத் தொழிலுக்குப் போனாலும் சரி, துருவின் மேல் சாயம் பூசாதீர்கள். அதை நம்பி ஒரு குடும்பம் அந்தக் காரில் ஏறி உட்காரப் போகிறது.